இரண்டு பூச்சுகள்: ஓதுன் வாசலில் மூன்று சொற்கள்

1

பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் ஓதுன் என்று ஒரு சின்ன ஊர். ரோமப் பேரரசன் அகஸ்டஸின் பெயரில் உருவான நகரம் அது. ரோமானியர் கட்டிய நகர வாயில்களில் இரண்டு இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. ஊரின் மேட்டுப் பகுதியில் புனித லாசரு கதீட்ரல் இருக்கிறது. 1120 வாக்கில் வேலை தொடங்கிய கட்டடம். அதன் மேற்கு வாசலுக்கு மேல், கதவு நிலைக்கும் வளைவுக்கும் நடுவே கிடைக்கும் அரைவட்ட இடத்தில், ஒரு பிரம்மாண்டமான கற்சிற்பத் தொகுதி. அந்த அரைவட்டத்துக்கு டிம்பனம் என்று பெயர். ஓதுன் டிம்பனத்தில் இருப்பது இறுதித் தீர்ப்பு நாள். நடுவில் கிறிஸ்து. அவர் காலடியில் ஓடும் கல்பட்டையில் மூன்று லத்தீன் சொற்கள்: கிஸ்லபெர்த்துஸ் ஹோக் ஃபேசித்.

வரிசைகூட மாற்றாமல் இதைத் தமிழில் வைத்துவிடலாம். கிஸ்லபெர்த்துஸ் இதைச் செய்தார். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிடச் சுலபமான வாக்கியம் கிடைக்காது. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் மூன்று சொல்லில் ஒன்றுகூடச் சுலபமில்லை. யார் இந்தக் கிஸ்லபெர்த்துஸ்? ‘இது’ என்றால் எது? ‘செய்தார்’ என்றால் என்ன செய்தார்? கலை வரலாற்றாளர்கள் பல பத்தாண்டுகளாக இதற்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சண்டையில் தீர்ப்பு சொல்வதல்ல என் நோக்கம். ரோமனெஸ்க் என்று நாம் அழைக்கும் ஒரு கலையை, அதாவது ஏறக்குறைய 1000 முதல் 1200 வரை ஐரோப்பாவின் மடங்களையும் தேவாலயங்களையும் நிறைத்த ஒரு கலையை, நாம் எப்படிப் பார்க்கிறோம், எப்படிப் பார்க்கத் தவறுகிறோம் என்பதை இந்த மூன்று சொற்கள் காட்டிக்கொடுக்கின்றன. எனக்குப் படுவது இதுதான்: ஓதுன் சிற்பத்தின் மேல் இரண்டு முறை காரை பூசப்பட்டிருக்கிறது. முதல் தடவை 1766-இல், நிஜமான காரை. இளக்காரத்தால் பூசியது. இரண்டாவது தடவை 20-ஆம் நூற்றாண்டில். அது அபிமானத்தால் பூசியது. முதல் பூச்சை எப்போதோ உடைத்து எடுத்துவிட்டார்கள். இரண்டாவது, பூச்சு என்றே நமக்குத் தெரிவதில்லை.

2

இளக்காரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

12-ஆம் நூற்றாண்டில் உளி பிடித்த யாரும் தான் ரோமனெஸ்க் சிற்பம் செய்வதாக நினைத்திருக்க மாட்டார். அந்தச் சொல் 19-ஆம் நூற்றாண்டின் சரக்கு. 1818-இல் நார்மண்டியைச் சேர்ந்த சார்ல் தெ ஜெர்வில் என்ற ஆய்வாளர் நண்பருக்கு எழுதிய ஒரு கடிதத்தில், கோதிக்குக்கு முந்தைய அந்தத் தடித்த கனத்த கட்டடங்களுக்கு ‘ரோமான்’ என்று பெயர் வைக்கலாம் என்றார். அவர் சொன்ன காரணம் சுவாரசியமானது. லத்தீன் சிதைந்து பிரெஞ்சு போன்ற மொழிகள் வந்ததைப் போல, ரோமானியக் கட்டடக்கலை சிதைந்து இது வந்தது. அடுத்த வருடமே, 1819-இல், இங்கிலாந்தில் வில்லியம் கன் என்பவர் ‘ரோமனெஸ்க்’ என்ற சொல்லைப் புத்தகத்தில் பயன்படுத்தினார். அவர் மனதில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே எண்ணம்தான். ரோமானியம் மாதிரி, ஆனால் ரோமானியம் இல்லை.

பிரெஞ்சு என்பது கெட்டுப்போன லத்தீன் என்று இன்று யாராவது சொன்னால் சிரிப்போம். மொழி விஷயத்தில் அந்தப் பார்வை செத்து நெடுநாளாகிவிட்டது. கட்டடக்கலை விஷயத்தில் அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. நாம் புரட்டும் எந்த அறிமுகப் புத்தகத்திலும் ரோமனெஸ்க் ஒரு முந்தைய வெர்ஷன். தடித்த சுவர், சின்ன ஜன்னல், அரைவட்ட வளைவு, இருட்டு. பிறகு கோதிக் வருகிறது: கூர்வளைவு, உயரம், வண்ணக் கண்ணாடி, வெளிச்சம். முன்னவர்கள் முயன்றார்கள், பின்னவர்கள் சாதித்தார்கள். கதை முடிந்தது.

சுவர் ஏன் தடித்தது என்று பொறியியல் படித்தவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். மரக்கூரை தீப்பிடிக்கும். கல்லில் கூரை போட வேண்டுமென்றால் வளைத்துத்தான் போட வேண்டும். நீளமான ஒரு பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரியான கல் வளைகூரை தன் எடையைக் கீழே மட்டும் தள்ளாது. பக்கவாட்டிலும் தள்ளும், அதுவும் சுவரின் முழு நீளத்துக்கும் ஓயாமல். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் அவ்வளவு கனம். ஜன்னலைப் பெரிதாக்கினால் சுவர் பலவீனமாகும். ஆக, இருட்டு அவர்களின் ரசனைக் குறைவு இல்லை, ஒரு கணக்கின் விடை.

ஓதுன் அந்தப் பாடப்புத்தக விதிக்கும் அடங்காது. உள்ளே போனால் வளைவுகள் கூர்வளைவுகள். விதிப்படி அது கோதிக்காக இருக்க வேண்டும், ஆனால் இல்லை. கூர்வளைவு பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும் என்பது பர்கண்டியில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1088-இல் தொடங்கிய க்ளூனி மடத்தின் பெரிய தேவாலயத்திலிருந்து ஓதுன் அதை எடுத்துக்கொண்டது. அதே சுவரில் பள்ளவரிகள் ஓடும் ரோமானியப் பாணி அரைத்தூண்களும் இருக்கின்றன. அவற்றின் மூலம் ஊர் எல்லையில் நிற்கும் பழைய ரோமானிய வாயில். அவர்கள் ஆயிரம் வருடப் பழசையும் தங்கள் காலத்தின் புதுசையும் ஒரே சுவரில், எந்தச் சங்கடமும் இல்லாமல் சேர்த்து வைத்தார்கள். இதைச் சிதைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

18-ஆம் நூற்றாண்டின் ஓதுன் குருமார்களுக்கு வந்தது. சிற்பங்கள் நாகரிகமற்றவையாக அவர்கள் கண்ணுக்குப் பட்டன. 1766-இல் டிம்பனம் முழுவதையும் காரை பூசி மூடினார்கள். கிறிஸ்துவின் தலை வெளியே துருத்திக்கொண்டு பூச்சுக்கு இடைஞ்சலாக இருந்தது, அதை உடைத்து எடுத்தார்கள். வடக்கு வாசலைப் பிரித்தே போட்டார்கள். அதன் கற்கள் கட்டுமானச் சாமானாகப் போயின. கதீட்ரலுக்குள் இருந்த லாசருவின் சிற்பக் கல்லறையும் போயிற்று. நகரம் எதற்காக அந்தக் கட்டடத்தை எழுப்பியதோ, அந்தக் கல்லறையே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கால் நூற்றாண்டு கழித்துப் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. நாடெங்கும் தேவாலயச் சிற்பங்களின் தலைகள் உருண்டன. பாரிஸின் நோத்ர் தாமில் முகப்பில் இருந்த அரசர்களின் தலைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. ஓதுன் வாசலில் உடைக்க எதுவுமே இல்லை, வெறும் வெள்ளைச் சுவர். காரைக்குப் பின்னால் தீர்ப்பு நாள் பத்திரமாக இருந்தது. எவரும் இளக்காரம் செய்யாத க்ளூனியின் கதி என்ன? 187 மீட்டர் நீளம், ரோமின் புனித பேதுரு பேராலயம் புதிதாக எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம். 1798-இல் அதை விற்றார்கள். அதன்பின் இருபது வருடத்துக்கும் மேலாகக் கல் குவாரி மாதிரி பெயர்த்தெடுத்தார்கள். இன்று நிற்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

ஓதுன் பூச்சை 1837-இல் உடைத்தார்கள். கிறிஸ்துவின் தலை மட்டும் தனியே அலைந்து, கடைசியில் ஊரின் ரோலான் மியூசியத்தில் அடையாளம் காணப்பட்டு, 1948-இல் உடலோடு சேர்ந்தது. அடையாளம் கண்டவர் உள்ளூர்க் குருவான தெனி க்ரிவோ. இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பூச்சிலும் இவருக்குப் பங்குண்டு.

3

அதற்கு முன் கல்லைப் பார்த்துவிடுவோம். பெயரை மறந்துவிட்டுப் பார்ப்போம்.

நம்மில் பெரும்பாலோர் இதைத் திரையில்தான் பார்க்கிறோம். புகைப்படக்காரர் கேமராவை உயரத்தில் நேராக நிறுத்தி எடுத்த படம். அதில் கிறிஸ்து கண்ணுக்கு நேரே இருப்பார். வாசலுக்கு வந்த யாத்ரீகர் பார்த்தது வேறு. அவர் படியேறி முகமண்டபத்துக்குள் நுழைந்து, கழுத்தைத் தூக்கித்தான் பார்த்திருப்பார். அவருக்கு மிக அருகில் இருந்தது கிறிஸ்து அல்ல. கதவுக்கு நேர் மேலே இருக்கும் உத்தரக்கல். அதில் கல்லறைகளிலிருந்து எழும் குட்டிக் குட்டி மனிதர்கள். கிட்டத்தட்ட எல்லோரும் நிர்வாணமாக, பொம்மை அளவில்.

உத்தரக்கல்லை இடமிருந்து வலமாகப் படிக்கலாம். இடப்பக்கம் மீட்கப்பட்டவர்கள். அவர்களில் இரண்டு பேர் தோளில் பையோடு எழுந்து வருகிறார்கள். ஒரு பையில் சிலுவை: ஜெருசலேம் போய்வந்தவர். இன்னொன்றில் சிப்பி: சாந்தியாகோ தெ கொம்பொஸ்தெலாவுக்கு நடந்தவர். சாவுக்குப் பிறகும் அந்தப் பையை விடவில்லை. ஒரு தேவதூதரின் அங்கியைக் குழந்தைகள் போன்ற சின்ன உருவங்கள் பிடித்துத் தொங்குகின்றன. நடுவில் வாளோடு ஒரு தூதர், கூட்டத்தை இரண்டாக அறுக்கிறார். அவருக்கு வலப்பக்கம் போகப் போக உடல்கள் கூனுகின்றன, முட்டி மடங்குகிறது, கைகள் முகத்தை நோக்கி வருகின்றன. கழுத்தில் பணப்பை தொங்கும் கருமி. மார்பைப் பாம்புகள் கவ்வும் பெண். அப்புறம் அந்த இடம், ஒருமுறை பார்த்தால் மறக்காது: மேலிருந்து இரண்டு பெரிய கைகள் இறங்கி ஒருவனின் தலையை இறுக்கிப் பிடிக்கின்றன. கைகள் மட்டும்தான். யாருடைய கைகள் என்று காட்டப்படவில்லை.

இது கைக்கு வராததால் நேர்ந்த விகாரமா? அந்தக் கைகளுக்கு ஒரு பேயின் உடலைக் கொடுத்திருந்தால் பயம் பாதியாகக் குறைந்திருக்கும். கொம்பும் வாலும் உள்ள பேய்க்கு ஒரு எல்லை இருக்கிறது, அது இங்கே நிற்கிறது, அங்கே இல்லை. வெறும் கை எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். வாசலில் அண்ணாந்து நிற்கிறவரின் தலைக்கு மேலேயும்.

கண்ணை மேலே கொண்டுபோனால் அளவு திடீரென்று மாறுகிறது. கிறிஸ்து பிரம்மாண்டமாக, இரண்டு கைகளையும் பக்கங்களில் விரித்து, பாதாம் வடிவ ஒளிவட்டத்துக்குள் அமர்ந்திருக்கிறார். ஆனால் அவருக்குக் கனமே இல்லை. உடல் தட்டையாக, துணியின் மடிப்புகள் மெல்லிய கோடுகளாக ஓடுகின்றன. கல்லில் செதுக்கியதைவிடப் பேனாவால் வரைந்தது போலத் தோன்றும். அவர் யாரையும் பார்ப்பதில்லை. கோபம் இல்லை, இரக்கமும் வெளியில் தெரியவில்லை. நாடகம் முழுவதும் சின்னவர்கள் உடம்பில் நடக்கிறது. தீர்ப்பளிப்பவர் அசையவில்லை, தீர்ப்பைப் பெறுகிறவர்கள் துடிக்கிறார்கள். இயல்பான உடல் விகிதத்தை வைத்துக்கொண்டு இந்த இடைவெளியைக் காட்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். எல்லோரும் ஆறடி என்றால் அது ஒரு நீதிமன்றக் காட்சியாக மட்டுமே இருக்கும்.

கிறிஸ்துவின் இடக்கைப் பக்கம் ஆன்மாக்களை எடை போடும் தராசு. ஒரு பக்கம் அதிதூதர் மிக்கேல், நெடுநெடுவென்று நீண்டு, கரிசனத்தோடு குனிகிறார். அவர் அங்கிக்குள் சின்ன ஆன்மாக்கள் ஒளிந்துகொள்கின்றன. மறுபக்கம் அதே அளவு நெடிய ஒரு பேய், எலும்பும் தோலுமாக, தராசைத் தன் பக்கம் இழுக்கிறது. மிக்கேலின் கைகளும் தட்டை ஒட்டியே இருக்கின்றன. நடுநிலையாக நிறுக்கிறாரா, கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறாரா? சொல்ல முடியவில்லை. ஒரு இறையியல் புத்தகம் இந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுத்திருக்காது. கல் கொடுத்திருக்கிறது.

பயமுறுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. பார்ப்பதில் ஒரு சுகம் இருந்திருக்க வேண்டும். அதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறார், அதுவும் எதிர்த்தரப்புச் சாட்சி. ஏறக்குறைய 1125-இல் க்ளேர்வோ மடத்தின் பெர்னார், மடங்களின் ஆடம்பரத்தைத் திட்டி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மடத்துத் தாழ்வாரங்களில் இந்தக் குரங்குகளும் சிங்கங்களும், பாதி மனிதப் பிராணிகளும், ஒரே உடலில் பல தலைகளும் எதுக்கு என்று கேட்டார். துறவிகள் புத்தகத்தை விட்டுவிட்டுக் கல்லையே படித்துக்கொண்டு பகலைக் கழிப்பார்கள் என்பது அவர் கவலை. 1947-இல் மேயர் ஷபீரோ என்ற அமெரிக்க விமர்சகர் இந்தக் கடிதத்தைத் திருப்பிப் படித்தார். இவ்வளவு துல்லியமாகப் பட்டியல் போடுகிறவர் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்! பெர்னாரின் வசையே, அந்தக் கலையில் மதப்போதனைக்கு அப்பால் ஒரு ரசனை இருந்தது என்பதற்கு ஆதாரம் என்றார் ஷபீரோ. ஒரு விமர்சகர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு நான் அடிக்கடி திரும்பிப் போகும் உதாரணம் அது.

4

இனி அந்த மூன்று சொற்கள்.

1960-இல் தெனி க்ரிவோவும், லண்டனில் பணியாற்றிய போலந்துக்காரரான ஜார்ஜ் ஸர்னெக்கியும் சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ஆங்கிலத்திலும் வந்தது. தலைப்பிலேயே அவர்கள் கட்சி தெரிந்துவிடும்: ஓதுனின் சிற்பி கிஸ்லபெர்த்துஸ். கதீட்ரலின் ஏறக்குறைய எல்லாச் சிற்பங்களும் ஒரே மேதையின் கைவேலை என்றார்கள். அவருக்கு ஒரு வாழ்க்கைப் பாதையும் கிடைத்தது. க்ளூனியில் கற்றார், வெஸ்லேயில் கொஞ்சம் வேலை செய்தார், பிறகு ஓதுன் வந்து பத்து வருடம் போலத் தங்கி இதையெல்லாம் முடித்தார். ஆரம்ப காலம், முதிர்ச்சி, உச்சம். ஒரு நாவலாசிரியரின் பின்னட்டைக் குறிப்பு மாதிரி.

புத்தகம் பெரிய நன்மை செய்தது. ரோமனெஸ்க் சிற்பத்தை உலகம் மரியாதையோடு பார்க்க ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த வாழ்க்கை வரலாற்றுக்கு ஆவண ஆதாரம் என்ன? மூன்று சொல். மிச்சமெல்லாம் பாணி ஒற்றுமையை வைத்து ஊகித்தவை.

1999-இல் அமெரிக்கக் கலை வரலாற்றாளர் லிண்டா சைடல் ஒரு புத்தகத்தில் கேட்ட கேள்வி எளிமையானது. அது சிற்பியின் பெயர் என்று யார் சொன்னது? லாசருவின் எலும்புகள் ஓதுனுக்கு வந்த பழங்கதையோடு 10-ஆம் நூற்றாண்டுப் பிரபு ஒருவரின் பெயர் பின்னிக்கிடக்கிறது. அவர் பெயரும் அதே கிஸ்லபெர்த்துஸ்தான். அண்டை ஊரான வெஸ்லே, லாசருவின் சகோதரி மக்தலா மரியாளின் எலும்புகள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி யாத்ரீகர்களை இழுத்துக்கொண்டிருந்த காலம். மரியாளும் லாசருவும் உடன்பிறந்தவர்கள் என்பது அன்றைய நம்பிக்கை. அப்படியொரு போட்டிக்கு நடுவில், எங்கள் லாசரு எப்போது, யாரால் வந்தார் என்று வாசலில் பொறித்துவைக்க ஓதுனுக்குக் காரணம் இருந்தது. சைடலின் வாதப்படி அந்தப் பெயர் ஒரு பழைய புரவலரின் பெயர். தனிமனித மேதையாக ஒரு சிற்பி வேண்டும் என்பது நவீன காலத்தின் ஆசை.

இலக்கணம் சைடலுக்கு இடம் கொடுக்கிறது. ரோமின் பாந்தியன் முகப்பில், லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா இதைச் செய்தார் என்ற பொருளில் பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறது. வினை அதே ஃபேசித். அக்ரிப்பா கல் சுமக்கவில்லை, மூன்று முறை கான்சலாக இருந்த பெரிய மனிதர். இன்னொன்று, இன்று நிற்கும் பாந்தியன் அவர் கட்டியதே அல்ல. ஹேட்ரியன் காலத்தில் முடிந்த கட்டடத்தில் பழைய பெயரையே போட்டுவிட்டார்கள்.

தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே பிடிபடும். நமக்குச் ‘செய்’ வேறு, ‘செய்வி’ வேறு. கிஸ்லபெர்த்துஸ் செய்தாரா, செய்வித்தாரா? கூடவே மரியாதை வேறு வந்து நிற்கும். கல்தச்சன் என்றால் பழைய பாணி உரைநடையில் ‘செய்தான்’ என்று எழுதிவிடுவார்கள், பிரபு என்றால் ‘செய்தார்’. லத்தீன் ஒரே வினையில் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போய்விடுகிறது. தமிழில் எழுதியிருந்தால் இவ்வளவு ஆராய்ச்சிக்கு வேலையே இருந்திருக்காது.

என் தொழிலில் இதற்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். புரியாத ஒரு கோட் வரியைப் பார்த்தால் நாங்கள் முதலில் செய்வது, அதை யார் எழுதினார் என்று தேடுவது. ‘கிட் பிளேம்’ என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயரைக் காட்டும். புதிதாக வருகிறவர்கள் அதை ஆசிரியர் பெயர் என்றே நம்புவார்கள். அது காட்டுவது அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவரின் பெயரை. யாரோ ஒருவர் ஃபைல் முழுவதிலும் இடைவெளிகளைச் சீராக்கியிருந்தால், எல்லா வரியும் அவர் எழுதியதாகத் தெரியும். பெயர் பொய் இல்லை, ஆனால் நாம் கேட்ட கேள்விக்கான பதிலும் இல்லை. கல்வெட்டுகளும் அப்படித்தான். அவை அவற்றின் கேள்விக்குப் பதில் சொல்கின்றன, நம்முடைய கேள்விக்கு இல்லை.

அதற்காக, இடைக்காலக் கலைஞன் பெயரைத் துறந்த ஞானி என்ற பழைய பல்லவிக்கும் போக வேண்டாம். இத்தாலியின் மோதெனா கதீட்ரல் 1099-இல் தொடங்கியது. அதன் முகப்புக் கல்வெட்டு, சிற்பி விலிஜெல்மோவைப் பெயர் சொல்லி, சிற்பிகளுக்குள் அவர் எவ்வளவு மதிப்புக்குரியவர் என்று வெளிப்படையாகப் புகழ்கிறது. அங்கே சந்தேகமே இல்லை. பெயர் போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள், போடாதவர்களும் இருந்தார்கள். ஓதுனின் பெயர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, அவ்வளவுதான்.

5

இந்த இடத்தில் நியாயமான ஒரு எதிர்ப்பு எழும். எழ வேண்டும். அக்ரிப்பாக்களின் பெயர்தான் எப்போதும் நிலைக்கிறது. கல்லுடைத்தவன் பெயர் நிலைப்பதில்லை. அபூர்வமாக ஒரு உழைப்பாளியின் பெயர் கடவுளின் காலடியில் மிஞ்சியிருக்கிறது என்று நம்ப வாய்ப்புக் கிடைத்தால், அதையும் பிடுங்கி ஒரு பிரபுவிடம் கொடுக்க வேண்டுமா? ஸர்னெக்கியின் புத்தகத்தின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது. அது வெறும் அபிமானம் இல்லை, ஒரு நீதி உணர்வும்கூட. சைடலின் வாதம் என் மூளைக்குப் பிடித்தாலும், மனசு ஸர்னெக்கி பக்கம்தான் சாய்கிறது.

ஆனால் அந்த நீதி யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். டிம்பனம் ஒரே கல் இல்லை, பல பலகைகள் சேர்ந்தது. குவாரியில் வெட்டியவர், வண்டியில் ஏற்றியவர், முதலில் கொத்தி உருவம் பிரித்தவர், மெருகு போட்டவர், சாரத்தில் ஏற்றிப் பொருத்தியவர் என்று எத்தனை கைகள். எல்லாவற்றையும் ஒரு மேதையின் பெயரில் எழுதிவைத்தால், ஒரு பெரிய பெயருக்குப் பின்னால் சின்னப் பெயர்களை மறைக்கும் அதே வேலையைத்தான் நாமும் செய்கிறோம். பிரபுவின் இடத்தில் மேதை வந்து உட்கார்கிறார். நாற்காலி மாறவில்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெயர் கிடைத்த உடனே பார்வை மாறிவிடுகிறது. மிக்கேலின் கைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இது கிஸ்லபெர்த்துஸின் முதிர்ந்த கட்டமா என்று பேச ஆரம்பிக்கிறோம். இது கல்லுக்கு மட்டும் நடப்பதில்லை. ஒரு கதையை யாராவது பகிர்ந்தால் முதல் வரிக்கு முன்பே பெயரைப் பார்க்கிறோம். நம்ம ஆளா, அந்தக் குழுவா, போன மாதம் யாரோடு சண்டை போட்டவர்? அதற்குள் பாதித் தீர்ப்பு எழுதி முடிந்திருக்கும். கதை அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொல்ல வர வேண்டியதுதான். நான் இதைப் பூச்சு என்று சொல்வது இதனால்தான். அபிமானமும் கல்லை மூடும். வழவழப்பாக மூடுவதால் சுவர் என்றே தெரியாது.

மூன்று சொல்லில் நாம் எல்லோரும் முதல் சொல்லோடு மாரடிக்கிறோம். சைடல் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார். நடுச்சொல்லை ஏறக்குறைய யாரும் கவனிப்பதில்லை. ஹோக், ‘இதை’. சுட்டு விரல் நீட்டும் சொல் அது. செய்தவர் யாராக இருந்தாலும், செய்வித்தவர் யாராக இருந்தாலும், அந்த வாக்கியம் நம் கண்ணை ஒரு பொருளின் பக்கம் திருப்புகிறது. இதைப் பார்.

அப்படிப் பார்க்கப் பெயரே ஒட்டாத ஒரு துண்டு இருக்கிறது. 1766-இல் பிரித்துப்போட்ட வடக்கு வாசலின் உத்தரக்கல்லில் ஒரு பகுதி, 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வீட்டை இடித்தபோது வெளியே வந்தது. இப்போது ரோலான் மியூசியத்தில் இருக்கிறது. அதில் ஏவாள். உத்தரக்கல் என்பதால் உயரம் கிடையாது, நீளம் மட்டுமே உண்டு. நின்றுகொண்டு பழம் பறிக்க இடமில்லை. இந்த நெருக்கடிக்குக் கிடைத்த விடை, ஏவாளைப் படுக்க வைப்பது. செடிகளுக்கு நடுவே நீந்துகிறவள் போல நீண்டு கிடக்கிறாள். ஒரு கை பின்னால் போய்ப் பழத்தைப் பிடிக்கிறது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, கை தன்பாட்டுக்குப் போகிறது. இன்னொரு கை கன்னத்தில், காணாமல்போன ஆதாமின் பக்கம் ரகசியம் சொல்வது போல. வலது ஓரத்தில் மரத்தை அவள் பக்கம் வளைத்துக் கொடுக்கும் ஒரு நகம் மட்டும் தெரிகிறது. கல்லின் அளவு போட்ட தடையே பாவத்தின் வடிவமாக மாறிவிட்டது. இங்கே சிதைவு எது, திறமைக் குறைவு எது?

உள்ளே தூண்களின் தலைக்கற்களில் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டுப் பராமரிப்பின்போது பலவீனமான தூண்களிலிருந்து இறக்கப்பட்ட தலைக்கற்கள் கதீட்ரலின் பழைய கூடத்தில் இப்போது கண்ணுக்கு நேராக இருக்கின்றன. ஒன்றில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் தூங்குகிறார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வட்டமான போர்வை. கிரீடத்தைக் கழற்றாமலே படுத்திருக்கிறார்கள். ஏரோதின் பக்கம் திரும்பிப் போகாதீர்கள் என்று எச்சரிக்க ஒரு தூதர் வந்திருக்கிறார். ஒரு கையால் நட்சத்திரத்தைக் காட்டுகிறார். இன்னொரு கையால், போர்வைக்கு வெளியே கிடக்கும் ஒரு ராஜாவின் கையில், ஒரே ஒரு விரலை ஒரே ஒரு விரலால் தொடுகிறார். அந்த ராஜாவின் கண் மட்டும் திறந்திருக்கிறது. மற்ற இருவரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுப்ப வேண்டும், ஆனால் திடுக்கிட வைக்கக் கூடாது. அதற்கு எவ்வளவு அழுத்தம் போதும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். அந்த யோசனை கல்லில் அப்படியே இருக்கிறது. படம் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும். கீழே இருக்கும் குறிப்பை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, அந்த விரலைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.